ஃபயர்ஃபாக்ஸில் இணையதளங்களைத் தனிச் செயலியாக இயக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிமெயில், வாட்ஸ்அப் வெப், கூகுள் டாக்ஸ், விக்கிமூலம் என்று நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் தளங்கள் எல்லோரிடமும் நாலைந்து இருக்கும். அவற்றை டேப் நெரிசலிலிருந்து பிரித்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சொந்தச் சின்னம், சொந்தச் சாளரம் கொடுத்து, கணினியில் நிறுவிய செயலிபோல இயக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் பயனர்களுக்கு இதற்காக இருப்பது 'பிடபிள்யூஏஸ் ஃபார் ஃபயர்ஃபாக்ஸ்' என்ற நீட்சி, அதாவது உலாவியில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன். கட்டற்ற மென்பொருள்; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இந்தப் பக்கம் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் போட்டு வைத்தால் போதாதா?

ஷார்ட்கட்டை அழுத்தினால் அந்தத் தளம் வழக்கமான உலாவியில் இன்னொரு டேப்பாகத் திறக்கும். ஏற்கெனவே இருபது டேப் இருந்தால் இருபத்தொன்றாவதாகப் போய் நிற்கும். செயலியாக நிறுவினால் அதற்கென்று தனிச் சாளரம். டாஸ்க்பாரில் தனியாக நிற்கும், ஆல்ட்–டேப் அழுத்தினால் தன் சின்னத்தோடு தனியாக வரும், ஃபயர்ஃபாக்ஸை மூடினாலும் அது மூடாது. வேலை நடுவில் மின்னஞ்சலைத் தேடி டேப்களைப் புரட்ட வேண்டியதில்லை.

இது கண்ணுக்குத் தெரியும் பலன். இதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு: ஒவ்வொரு செயலியின் குக்கீகளையும் (தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு தரவு) உள்நுழைவுகளையும் மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க முடிவது. அதைப் புரொஃபைல் பற்றிய கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன். சாளரம் மட்டும் போதும் என்றால் வேறு எளிய வழிகளும் இருக்கின்றன.

குரோமில் இது நீட்சி இல்லாமலே வருகிறதே?

ஆமாம். குரோம், எட்ஜ் இரண்டிலும் மூன்று புள்ளி மெனுவுக்குள் போனால் பக்கத்தைச் செயலியாக நிறுவும் கட்டளை இருக்கிறது. குரோம் 2008இல் வெளியானபோதே தளத்துக்கு ஒரு தனிச் சாளரக் குறுக்குவழி உருவாக்கும் வசதி அதில் இருந்தது. ஆப்பிளும் 2023இல் வந்த மேக் ஓஎஸ் சோனோமாவில் சஃபாரிக்கு இதைக் கொடுத்தது. ஃபைல் மெனுவில் 'ஆட் டு டாக்' என்று இருக்கும்.

குரோம், எட்ஜ், சஃபாரி பயன்படுத்துகிறவர்கள் இதற்கென்று எந்த நீட்சியையும் தேட வேண்டாம். உலாவி தருவதே போதும்.

ஃபயர்ஃபாக்ஸில் இருக்கிறவர்களுக்குத்தான் இந்தப் பக்கம். ஒரு சின்ன வசதிக்காக முழு உலாவியையும் மாற்றிக்கொள்ளச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ் எல்லாமே உள்ளுக்குள் குரோமியம் என்ற ஒரே அடித்தளம்தான். வேறொரு எஞ்சினில் ஓடும் உலாவியாக ஃபயர்ஃபாக்ஸ் நிலைத்திருப்பது இணையத்துக்கு நல்லது. அதிலேயே இருந்துகொண்டு இந்த வசதியும் கிடைக்கிறது என்பதுதான் இந்த நீட்சியை நான் பரிந்துரைக்கக் காரணம்.

ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே ஏன் இதைத் தரவில்லை?

முயற்சி செய்து பார்த்தார்கள், ஒரு முறைக்கு மேல். ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் சோதனைப் பிரிவான மொசில்லா லேப்ஸ் 2007இல் 'பிரிசம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. இணையதளத்தைத் தனிச் செயலியாக்குவதே அதன் நோக்கம். 2011இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

2020இல் ஃபயர்ஃபாக்ஸுக்குள்ளேயே, மறைந்திருக்கும் ஓர் அமைப்பை மாற்றினால் வேலை செய்யும்படி, சோதனை முயற்சியாக ஒன்று வந்தது. பயனர்களுக்கு அதனால் பெரிய பலன் தெரியவில்லை, பிழைகளும் இருந்தன என்று சொல்லி அந்த ஆண்டு இறுதியிலேயே கைவிட முடிவு செய்து, அடுத்த பதிப்புகளில் எடுத்துவிட்டார்கள். அந்த முடிவில் ஏமாற்றம் அடைந்தவர்கள் நிறைய. நானும் அவர்களில் ஒருவன். அந்த இடைவெளியை நிரப்பியது மொசில்லாவுக்கு வெளியே உருவான இந்தத் திட்டம்.

அப்புறம் 2025 செப்டம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 143இல், விண்டோஸில் மட்டும், தளத்தை டாஸ்க்பாரில் பொருத்தித் தனிச் சாளரத்தில் இயக்கும் வசதி வந்தது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக நிறுவிய ஃபயர்ஃபாக்ஸில் அப்போது அது இல்லை.

அப்படியானால் விண்டோஸ் பயனருக்கு நீட்சி இனி தேவையில்லையா?

தனிச் சாளரம் மட்டும் போதும் என்றால் தேவையில்லை. முதலில் ஃபயர்ஃபாக்ஸின் சொந்த வசதியையே பாருங்கள். அது உங்கள் வழக்கமான புரொஃபைலிலேயே (உங்கள் உள்நுழைவுகளும் நீட்சிகளும் சேர்ந்திருக்கும் கோப்புறை) ஓடுவதால் ஏற்கெனவே உள்நுழைந்த கணக்கு, போட்டு வைத்திருக்கும் விளம்பரத் தடுப்பான் எல்லாம் அப்படியே வரும்.

அந்தச் செயலியின் கணக்கு மற்றவற்றோடு கலக்கக் கூடாது என்றால், அல்லது விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே மாதிரி அமைப்பு வேண்டும் என்றால், நீட்சிதான் வழி.

நீட்சியை நிறுவினால், கூடவே இன்னொரு நிரலையும் நிறுவச் சொல்கிறது. அது எதற்கு? பயப்பட வேண்டுமா?

பலரும் தயங்கி நிற்கும் இடம் இதுதான். தயங்குவது நல்ல பழக்கமும்கூட.

உலாவி நீட்சிகளுக்கு ஃபயர்ஃபாக்ஸ் கடுமையான எல்லை வைத்திருக்கிறது. கணினியில் நினைத்த இடத்தில் ஒரு கோப்பை எழுதவோ, ஸ்டார்ட் மெனுவில் சின்னம் சேர்க்கவோ, வேறொரு நிரலைத் தொடங்கவோ நீட்சியால் முடியாது. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்தபோது பழைய வகை நீட்சிகளை முற்றாக நிறுத்தினார்கள். அவற்றுக்கு இருந்த அளவற்ற சுதந்திரம் புதியவற்றுக்குக் கிடையாது. அதனால் கணினிப் பக்கத்து வேலைகளைச் செய்ய ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு துணை நிரல் தேவைப்படுகிறது. நீட்சி 'இந்தத் தளத்தை நிறுவு' என்று செய்தி அனுப்பும். துணை நிரல் சின்னத்தை உருவாக்கி, மெனுவில் சேர்த்து, சாளரத்தைத் திறக்கும். உலாவிக்கும் வெளி நிரலுக்கும் இப்படிச் செய்தி போய்வர ஃபயர்ஃபாக்ஸே வைத்திருக்கும் முறையான பாதை இது. கடவுச்சொல் மேலாளர்கள் சிலவும் இதே பாதையைத்தான் பயன்படுத்துகின்றன.

மூன்றாவதாக ஒரு பொருளும் இறங்கும்: ஃபயர்ஃபாக்ஸின் தனிப் பிரதி ஒன்று. செயலிகள் ஓடுவது அந்தப் பிரதியில்தான், உங்கள் வழக்கமான ஃபயர்ஃபாக்ஸில் அல்ல. டேப் பட்டை, முகவரிப் பட்டை எல்லாம் மறைந்து செயலிபோலத் தெரிய வேண்டுமானால் ஃபயர்ஃபாக்ஸின் தோற்றத்தையே கொஞ்சம் மாற்ற வேண்டும். அதை உங்கள் முதன்மை உலாவியில் செய்யாமல் தனிப் பிரதியில் செய்கிறார்கள். சில நூறு எம்பி இடம் பிடிக்கும்.

நீட்சி கேட்கும் அனுமதிகளில் எல்லாத் தளங்களின் தரவையும் அணுகுவது ஒன்று. பெரிய அனுமதிதான். நீங்கள் இருக்கும் தளம் நிறுவத் தக்கதா என்று பார்க்க அது தேவைப்படுகிறது. மூலநிரல் முழுவதும் கிட்ஹப்பில் மொசில்லா பொது உரிமத்தின் கீழ் திறந்தே கிடக்கிறது, யாரும் படித்துப் பார்க்கலாம். நான் நம்பிப் பயன்படுத்துகிறேன். ஆனால் அலுவலகக் கணினி என்றால் நிர்வாகியிடம் கேட்காமல் நிறுவ வேண்டாம்.

எப்படி நிறுவுவது?

ஃபயர்ஃபாக்ஸின் அதிகாரபூர்வ நீட்சிகள் தளத்தில் தேடி நீட்சியைச் சேருங்கள். சேர்த்ததும் வழிகாட்டும் பக்கம் ஒன்று தானாகத் திறக்கும். துணை நிரலை அந்தப் பக்கம் காட்டும் இணைப்பிலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடுபொறியில் அதே பெயரில் கிடைக்கும் வேறு இறக்கப் பக்கங்கள் வேண்டாம். விண்டோஸில் வழக்கமான நிறுவி, மேக்கில் ஹோம்ப்ரூ, டெபியன் வகை லினக்ஸில் டெப் தொகுப்பு, ஃபெடோரா வகையில் ஆர்பிஎம் என்று ஒவ்வொன்றுக்கும் வழி அந்தப் பக்கத்திலேயே இருக்கும். துணை நிரல் வந்ததும் நான் சொன்ன தனிப் பிரதியை நீட்சியே இறக்கிக்கொள்ளும்.

அவ்வளவுதான். பிறகு நிறுவத் தக்க தளத்துக்குப் போனால் முகவரிப் பட்டையில் ஒரு சின்னம் தோன்றும். அதை அழுத்தினால் செயலியின் பெயர், எந்தப் புரொஃபைல் என்று கேட்கும்.

சில தளங்களில் அந்தச் சின்னம் வரவில்லையே?

தளம் தன்னைப் பற்றிய ஒரு சிறு குறிப்புக் கோப்பை வைத்திருந்தால்தான் சின்னம் தானாக வரும். மேனிஃபெஸ்ட் என்று அதற்குப் பெயர். செயலியின் பெயர், சின்னப் படங்கள், எந்தப் பக்கத்தில் தொடங்க வேண்டும், எந்த எல்லை வரை இந்தச் செயலியின் பகுதி, முகவரிப் பட்டை இல்லாமல் திறக்க வேண்டுமா என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். 2015இல் கூகுள் பொறியாளர் அலெக்ஸ் ரஸ்ஸலும் வடிவமைப்பாளர் பிரான்சஸ் பெரிமனும் 'புரொகிரசிவ் வெப் ஆப்' என்று பெயர் கொடுத்தது இந்த வகைத் தளங்களுக்குத்தான். பிடபிள்யூஏ என்பது அதன் சுருக்கம்.

மேனிஃபெஸ்ட் இல்லாத தளத்தையும் நிறுவலாம். கருவிப் பட்டையில் இருக்கும் நீட்சியின் சின்னத்தை அழுத்தி, அங்கிருந்து நடப்புத் தளத்தை நிறுவச் சொல்லுங்கள். பெயரையும் தொடக்க முகவரியையும் நீங்களே கொடுத்துக்கொள்ளலாம். தொடக்க முகவரியை மாற்ற முடிவது மிகப் பயனுள்ளது. உதாரணமாக, தமிழ் விக்கிமூலத்தில் ஒரு நூலுக்கு மெய்ப்புப் பார்க்கிறவர் முதற்பக்கத்தில் தொடங்க வேண்டியதில்லை. அந்த நூலின் அட்டவணைப் பக்கத்தையே தொடக்கமாகக் கொடுத்தால், சின்னத்தை அழுத்தியதும் நேராக வேலைக்குப் போய்விடலாம்.

புரொஃபைல் என்று கேட்கிறதே, எதைத் தேர்ந்தெடுப்பது?

நிறுவும்போது நீங்கள் எடுக்கும் முடிவுகளில் முக்கியமானது இது. மற்றதெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளக் கூடியவை.

புரொஃபைல் என்பது குக்கீகள், உள்நுழைவுகள், சேமித்த கடவுச்சொற்கள், வரலாறு, நீட்சிகள் எல்லாம் சேர்ந்து இருக்கும் ஒரு கோப்புறை. ஒரே புரொஃபைலில் இருக்கும் செயலிகள் இவற்றைப் பகிர்ந்துகொள்ளும். வெவ்வேறு புரொஃபைலில் இருப்பவை ஒன்றையொன்று அறியாது.

இதன் விளைவைப் பாருங்கள். ஜிமெயிலும் கூகுள் காலண்டரும் கூகுள் டாக்ஸும் ஒரே கணக்கு என்றால் மூன்றையும் ஒரே புரொஃபைலில் வையுங்கள். ஒரு முறை உள்நுழைந்தால் போதும். ஃபேஸ்புக்கைத் தனிப் புரொஃபைலில் வைத்தால், உங்கள் வழக்கமான உலாவியில் ஃபேஸ்புக்கின் உள்நுழைவுக் குக்கீ இருக்காது. அதன் பொத்தான் பதித்த செய்தித் தளங்களை நீங்கள் படிக்கும்போது, உள்நுழைந்த கணக்கோடு அதைப் பொருத்திப் பார்ப்பது கடினமாகிறது. ஃபயர்ஃபாக்ஸில் இதற்கெதிரான தடுப்புகள் ஏற்கெனவே இருந்தாலும், தனிப் புரொஃபைல் என்பது எந்த அமைப்பும் தெரியாதவருக்கும் புரியும் தெளிவான பிரிப்பு. அலுவலகக் கணக்கு, சொந்தக் கணக்கு இரண்டும் ஒரே கணினியில் இருப்பவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும் என்பேன். தவறான கணக்கிலிருந்து மின்னஞ்சல் போவது பெரும்பாலும் இரண்டும் ஒரே உலாவியில் கலந்து கிடப்பதால்தான்.

என் யோசனை: 'கணக்குக்கு ஒரு புரொஃபைல்' என்று வையுங்கள், 'செயலிக்கு ஒன்று' என்று வேண்டாம். எதற்கென்று தெரியாத புரொஃபைல்கள் சேர்ந்துவிட்டால் எதை அழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதே குழப்பமாகிவிடும். உருவாக்கும்போதே 'கடை', 'வீடு', 'அலுவலகம்' என்று புரியும் பெயர் கொடுங்கள்.

கடை எண், சொந்த எண் என்று இரண்டு வாட்ஸ்அப். இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்க முடியுமா?

முடியும். ஒரு புரொஃபைலில் ஒரு வாட்ஸ்அப் வெப் கணக்குதான் உள்நுழைந்திருக்கும் என்பதால், 'கடை' புரொஃபைலில் ஒரு முறையும் 'வீடு' புரொஃபைலில் ஒரு முறையும் நிறுவுங்கள். பெயரையும் 'வாட்ஸ்அப் கடை', 'வாட்ஸ்அப் வீடு' என்று வையுங்கள். சின்னம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தால் அவசரத்தில் மாறிப்போகும். நிறுவும்போது வேறு சின்னப் படத்தின் முகவரி கொடுக்கவும் இடமிருக்கிறது. பிறகு ஒவ்வொன்றையும் அந்தந்தப் போனில் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து இணைக்க வேண்டும். ஒரு வாட்ஸ்அப் கணக்கோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம், இதுவும் அந்த நான்கில் ஒன்றாக எண்ணப்படும்.

தனிச் சாளரம் வேண்டாம், டேப்பிலேயே இரண்டு கணக்கு போதும் என்றால் மொசில்லாவின் மல்டி-அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ் நீட்சி இன்னும் லேசானது.

4 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி. தாங்குமா?

கணக்கு இப்படி: ஒரே புரொஃபைலில் உள்ள செயலிகள் எத்தனை திறந்தாலும் ஓடுவது ஒரு ஃபயர்ஃபாக்ஸ். ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனி ஃபயர்ஃபாக்ஸ். உங்கள் வழக்கமான உலாவி வேறு. மூன்று புரொஃபைல் திறந்திருந்தால் மொத்தம் நான்கு ஃபயர்ஃபாக்ஸ் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 ஜிபியில் அது திணறும். அப்படிப்பட்ட கணினியில் எல்லாச் செயலிகளையும் ஒரே புரொஃபைலில் வைப்பதுதான் நடைமுறை. பிரித்தே ஆக வேண்டிய ஒரு கணக்குக்கு மட்டும் இரண்டாவது புரொஃபைல் போடலாம், அதையும் தேவைப்படும்போது மட்டும் திறக்கலாம்.

எலக்ட்ரான் (இணையத் தொழில்நுட்பத்தில் டெஸ்க்டாப் செயலி உருவாக்கும் கருவி) வகை டெஸ்க்டாப் செயலிகளோடு ஒப்பிட்டால் இது மோசமில்லை. அவை ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு குரோமியம் பிரதியைச் சுமந்து வருகின்றன.

என் விளம்பரத் தடுப்பானும் சேமித்த கடவுச்சொற்களும் செயலியில் காணோமே?

காணாமல் போகவில்லை, வேறு புரொஃபைலில் இருக்கின்றன. செயலிச் சாளரத்தின் மெனுவிலிருந்து நீட்சிகள் பக்கத்தைத் திறந்து யுபிளாக் ஆரிஜின் போன்ற தடுப்பானை அங்கேயும் நிறுவ வேண்டும். கடவுச்சொற்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் சிங்க் (உலாவித் தரவை ஒத்திசைக்கும் வசதி) கணக்கை அந்தப் புரொஃபைலிலும் இணைக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் பிரிப்பதற்காகப் புரொஃபைல் போட்டுவிட்டு சிங்க் வழியாக எல்லாவற்றையும் மறுபடி சேர்க்க வேண்டாம். கடவுச்சொற்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

இணையம் இல்லாதபோதும் வேலை செய்யுமா?

தளத்தைப் பொறுத்தது. சில தளங்கள் சர்வீஸ் வொர்க்கர் என்ற பின்னணி நிரல் மூலம் பக்கங்களைக் கணினியிலேயே சேமித்து வைக்கின்றன. அவை திறக்கும். மற்றவை டேப்பில் திறக்காதது போலவே இதிலும் திறக்காது. நீட்சி இந்த விஷயத்தில் எதையும் கூட்டவோ குறைக்கவோ செய்வதில்லை.

அறிவிப்புகள்?

வரும், அந்தச் செயலி ஓடிக்கொண்டிருந்தால். மூடிவிட்டால் வராது. எப்போதும் வேண்டும் என்றால் கணினி தொடங்கும்போதே செயலியும் தொடங்கும்படி அமைக்கலாம்.

மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்தினால் செயலிக்குள்ளேயே திறக்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

எல்லோருக்கும் வரும் எரிச்சல்தான். மேனிஃபெஸ்டில் எல்லை என்று சொன்னேன் இல்லையா, அதற்கு வெளியே போகும் இணைப்புகளை உங்கள் வழக்கமான உலாவிக்கு அனுப்பும்படி அமைப்பு இருக்கிறது. செயலிச் சாளரத்தின் அமைப்புகளில் தேடினால் கிடைக்கும். அதை மாற்றினால் அந்தப் புரொஃபைலில் உள்ள எல்லாச் செயலிகளுக்கும் பொருந்தும். ஒரே ஒரு தொல்லை: சில தளங்களில் உள்நுழையும் பக்கம் வேறு முகவரியில் இருக்கும். அதுவும் வெளி உலாவிக்குப் போய்விட்டால் உள்நுழைய முடியாது. எனவே முதலில் எல்லாச் செயலிகளிலும் உள்நுழைந்துவிட்டு, பிறகு இந்த அமைப்பை இயக்குங்கள்.

வங்கித் தளத்தை இப்படி நிறுவலாமா?

இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொன்னால் பாதி உண்மைதான் கிடைக்கும்.

செயலிச் சாளரத்தில் முகவரிப் பட்டை மறைந்திருக்கும். போலித் தளத்தைக் கண்டுபிடிக்க நமக்கு இருக்கும் முதல் ஆதாரமே முகவரிதான். அது தெரியாத சாளரத்தில் கடவுச்சொல்லைத் தட்டப் பழகுவது நல்லதல்ல. எல்லையைத் தாண்டி வேறு தளத்துக்குப் போனால் பட்டை தோன்றும் என்றாலும், பார்க்கும் பழக்கம் விட்டுப்போனால் தோன்றியும் பயனில்லை.

மறுபக்கம், இன்று பலர் வங்கியின் பெயரைத் தேடுபொறியில் தட்டி, வருகிற முதல் இணைப்பை அழுத்துகிறார்கள். அது இதைவிட ஆபத்து. நிறுவிய செயலி ஒவ்வொரு முறையும் நீங்கள் சரிபார்த்துக் கொடுத்த அதே முகவரியில்தான் தொடங்கும். வங்கிக்கு மட்டும் ஒரு புரொஃபைல் போட்டு அதில் எந்த நீட்சியும் சேர்க்காமல் வைத்தால், வேறு நீட்சி எதுவும் அந்தப் பக்கத்தைப் படிக்கவும் முடியாது.

ஆகவே நிறுவுவதானால், முகவரியை வங்கிப் புத்தகத்தில் அச்சிட்டதோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொண்டு நிறுவுங்கள். முகவரிப் பட்டை எப்போதும் தெரியும்படி அமைப்பை மாற்றுங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்காதீர்கள். பலரும் பயன்படுத்தும் பொதுக் கணினியில் இதைச் செய்யவே வேண்டாம். அப்பா அம்மாவுக்கு அமைத்துக் கொடுக்கிறவர்கள், மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் வரும் 'வங்கி இணைப்பு' எதையும் அழுத்தாமல் இந்தச் சின்னத்தை மட்டும் அழுத்தச் சொல்லிக்கொடுங்கள். அவர்களைப் பொறுத்தவரை இதன் மிகப் பெரிய பயன் அதுதான்.

உபுண்டுவில் துணை நிரலை நிறுவிய பிறகும் 'நிரல் இல்லை' என்றே காட்டுகிறது.

உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் தொகுப்பாக மட்டுமே வருகிறது. ஸ்னாப்பும் ஃபிளாட்பேக்கும் நிரலைக் கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து அடைத்து வைப்பதால், நீட்சியும் துணை நிரலும் பேசிக்கொள்ளும் பாதை அடைபட்டிருக்கலாம். சுத்தமான தீர்வு, மொசில்லாவே தரும் டெப் தொகுப்புக்கு மாறுவது. 2024 ஜனவரியில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 122 முதல் அது கிடைக்கிறது. மாறும் முன் புக்மார்க்குகளையும் கடவுச்சொற்களையும் சிங்க் செய்தோ ஏற்றுமதி செய்தோ வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் மின்ட் பயனர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2021 ஜனவரியில் வந்த மின்ட் 20.1 முதல் 'வெப் ஆப்ஸ்' என்ற கருவி உடன் வருகிறது. அது ஃபயர்ஃபாக்ஸோடும் வேலை செய்யும், நீட்சி தேவையில்லை. வசதிகள் குறைவு, ஆனால் இரண்டு மூன்று தளங்களுக்குத் தாராளமாகப் போதும்.

புதுப்பிப்பது யார் பொறுப்பு?

நீட்சி தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். துணை நிரலுக்குப் புதிய பதிப்பு வந்தால் நீட்சி தெரிவிக்கும். தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள், இரண்டின் பதிப்பும் பொருந்தாவிட்டால் கோளாறு வரும். செயலிகள் ஓடும் ஃபயர்ஃபாக்ஸ் பிரதியும் ஒரு முழு உலாவி என்பதை மறக்க வேண்டாம். அதன் பதிப்பையும் அவ்வப்போது செயலிச் சாளரத்தின் உதவி மெனுவில் பாருங்கள்.

வேண்டாம் என்றால் எப்படி நீக்குவது?

வரிசை முக்கியம். முதலில் நீட்சியின் பட்டியலைத் திறந்து செயலிகளை ஒவ்வொன்றாக நீக்குங்கள். அடுத்து புரொஃபைல்களை நீக்குங்கள். உள்நுழைவுகளும் சேமித்த தரவும் அழிவது அப்போதுதான். பிறகு துணை நிரலைக் கணினியின் வழக்கமான முறையில் நீக்கி, கடைசியாக நீட்சியை எடுங்கள். நீட்சியை மட்டும் முதலில் எடுத்துவிட்டால் செயலிகளும் அவற்றில் உள்நுழைந்த கணக்குகளும் கணினியிலேயே இருக்கும். கணினியை விற்கவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ போகிறீர்கள் என்றால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். வாட்ஸ்அப் போன்றவற்றில் போனிலிருந்தும் 'இணைத்த கருவிகள்' பட்டியலுக்குப் போய் அந்தக் கணினியை வெளியேற்றிவிடுங்கள்.